பக்கத்து ஊர் வென்ச்சர் ஃபண்டை எடைபோடுவது எப்படி? மென்பொருள் ஸ்டார்ட்அப் நிறுவனர்களுக்கு ஒரு வழிகாட்டி

முதலீடு கேட்டுப் போகும் நிறுவனரை ஃபண்டுக்காரர்கள் குடைந்து குடைந்து விசாரிப்பார்கள். கணக்கு வழக்கு, வாடிக்கையாளர், கூட்டாளிகளுக்குள் உரசல் உண்டா என்பது வரை எதையும் விட மாட்டார்கள். பதிலுக்கு நாம் என்ன கேட்க வேண்டும் என்பதை மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை. முதல் முதலீட்டுக்காக நான் அலைந்த காலத்தில் ஒன்றை ஆடிட்டர் சொன்னார், இன்னொன்றை வக்கீல் சொன்னார். மிகவும் தேவையானவற்றை எனக்கு முன்பே பணம் வாங்கியிருந்த நிறுவனர்கள், யாரும் கேட்கவில்லை என்று உறுதி செய்துகொண்டபின் சொன்னார்கள். எல்லாவற்றையும் செய்ய வேண்டிய வரிசையில் இங்கே எழுதியிருக்கிறேன்.

இது யாருக்கு? மற்ற நிறுவனங்களுக்குச் சந்தா முறையில் மென்பொருள் விற்பவர்களுக்கு. மாத வருமானம் சில லட்சங்கள், தேடும் தொகை ஒன்று முதல் ஐந்து கோடி, பேச்சு நடப்பது சென்னை, கோவை, கொச்சி போன்ற ஊர்களில் இயங்கும் நடுத்தர ஃபண்டோடு என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பணம் தேவையா என்ற கேள்விக்குள் நான் போகவில்லை. வெளி முதலீடே வாங்காமல் ஜோஹோ வளர்ந்தது, 2011இல் ஆக்செல் என்ற வென்ச்சர் நிறுவனத்திடம் வாங்கி ஃபிரெஷ்வொர்க்ஸ் வளர்ந்தது. இரண்டும் சென்னையில் நடந்தவைதான். விதிகள் அவ்வப்போது மாறும் என்பதால் கையெழுத்துக்கு முன் உங்கள் கம்பெனி செக்ரட்டரியிடம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. எதிரில் இருப்பவர் எந்த வகை என்று பாருங்கள்

எல்லோரும் தங்களை ‘முதலீட்டாளர்’ என்றே அறிமுகம் செய்துகொள்வார்கள். ஆனால் வகைக்கு வகை நடைமுறை வேறு. சென்னை ஏஞ்சல்ஸ் போன்ற ஏஞ்சல் குழுக்களில் உறுப்பினர்கள் தனித்தனியாகத் தங்கள் சொந்தப் பணத்தைப் போடுவார்கள். பத்துப் பதினைந்து பேர் சேர்ந்தால்தான் தொகை நிறையும். ஆளாளுக்குக் கேள்வி இருக்கும், கடைசி வாரத்தில் இரண்டு பேர் பின்வாங்குவதும் உண்டு. தமிழக அரசின் ஸ்டார்ட்அப் டி.என். அமைப்பு நடத்தும் டான்சீட் போன்ற அரசுத் திட்டங்களின் தொகை சிறியது, தொடக்க நிலைக்கானது, விண்ணப்பத்துக்குக் காலக்கெடு உண்டு. வணிகக் குடும்பங்களின் முதலீட்டு அலுவலகங்களில் குடும்பத் தலைவர் ஒருவர் சரி என்றால் சரி. இந்தக் கட்டுரை பேசுவது நான்காவது வகையைப் பற்றி: பலரிடம் பணம் திரட்டி, குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் முதலீடு செய்து, லாபத்தோடு திருப்பித் தர வேண்டிய கட்டாயத்தில் இருக்கும் வென்ச்சர் ஃபண்ட்.

இங்கேயே முதல் பொறி இருக்கிறது. உங்கள் திட்டத்தை முதலீட்டாளர் முன் வைக்கவே முன்பணம், ‘மதிப்பீட்டுக் கட்டணம்’, ‘பதிவுக் கட்டணம்’ என்று கேட்பவர் ஃபண்ட் நடத்துபவர் அல்ல. ஃபண்டுக்கு வருமானம் அதில் பணம் போட்டவர்களிடமிருந்து வருகிறது, உங்களிடமிருந்து அல்ல. நடுவில் நின்று அறிமுகம் செய்து வைப்பவர் கமிஷன் கேட்டால், பணம் வங்கிக்கு வந்தபின் மட்டுமே என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

2. செபி பதிவைச் சரிபாருங்கள்

செலவு இல்லை. பத்து நிமிட வேலை. இந்தியாவில் வென்ச்சர் ஃபண்டுகள், பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் 2012ஆம் ஆண்டு மாற்று முதலீட்டு நிதி விதிமுறைகளின் கீழ் பதிவு செய்திருக்க வேண்டும். பெரும்பாலும் முதல் வகைப் பதிவாக இருக்கும். செபி இணையதளத்தில் முழுப் பட்டியலும் கிடைக்கிறது.

தேடும்போது ஒரு குழப்பம் வரும். விசிட்டிங் கார்டில் இருக்கும் பெயர் பட்டியலில் இருக்காது. ஃபண்ட் என்பது சட்டப்படி பெரும்பாலும் ஒரு டிரஸ்ட், அதற்கு ஒரு பெயர். அதை நடத்தும் மேலாண்மை நிறுவனத்துக்கு இன்னொரு பெயர். ஊரறிந்த பிராண்டு மூன்றாவது பெயர். முதல் சந்திப்புக்குப் பின் அனுப்பும் நன்றி மின்னஞ்சலிலேயே, “எந்தப் பதிவு எண்ணின் கீழ் முதலீடு செய்வீர்கள்?” என்று கேட்டுவிடுங்கள். முறையாக நடப்பவர்கள் ஒரே வரியில் பதில் தருவார்கள். அவர்களுக்கு இது அன்றாடக் கேள்வி.

உங்கள் தாய் நிறுவனம் அமெரிக்காவின் டெலவேரில் பதிவாகியிருந்தால் இதையும் இப்போதே பேசிவிடுங்கள். இந்திய ஃபண்ட் வெளிநாட்டு நிறுவனத்தில் முதலீடு செய்ய செபியின் முன் அனுமதி வேண்டும், அதற்கு உச்ச வரம்பும் உண்டு. சிறிய ஃபண்டுகள் இந்தத் தலைவலிக்குள் போக விரும்புவதில்லை. மூன்று மாதம் பேசியபின் இந்தக் காரணத்தால் கைவிடப்பட்டவர்களை எனக்குத் தெரியும்.

3. ஃபண்டின் வயதையும் கையிருப்பையும் கணக்கிடுங்கள்

என்னைக் கேட்டால், மற்ற எல்லாப் படிகளையும் விட இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். ‘நூறு கோடி ஃபண்ட்’ என்று செய்தியில் வந்திருக்கும். அந்த நூறு கோடி பெட்டியில் இருக்கும் பணம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அது திரட்ட நினைக்கும் தொகையாக இருக்கலாம். அதற்குள்ளேயே, கூடுதலாகக் கிடைத்தால் ஏற்றுக்கொள்வோம் என்ற பகுதியையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். முதல் கட்டமாக முப்பது கோடிக்கு உறுதி கிடைத்ததும் ஃபண்ட் முதலீட்டைத் தொடங்கிவிடும், மீதிக்கு இன்னும் ஆள் தேடிக்கொண்டிருக்கும்.

உறுதி கொடுத்தவர்களும் மொத்தமாகக் கட்டுவதில்லை. ஃபண்ட் கேட்கக் கேட்கத் தவணையாகத் தருவார்கள். வட்டார ஃபண்டுகளில் இப்படி உறுதி கொடுப்பவர்களில் ஜவுளி ஆலை, நகைக் கடை, மருத்துவமனை, வாகன உதிரிபாகத் தொழிற்சாலை நடத்தும் குடும்பங்கள் நிறைய. நூல் விலை ஏறியிருக்கும் மாதத்தில் ஃபண்டின் கடிதம் போனால், அந்தத் தவணை தாமதமாகத்தான் வரும். உங்கள் டெர்ம் ஷீட்டில் (முதலீட்டு நிபந்தனைகளின் முதல் வரைவு) கையெழுத்தாகியும் பணம் வராமல் நிற்பதற்கு இது ஒரு வழக்கமான காரணம். சிறுதொழில் வளர்ச்சி வங்கியான சிட்பி வழியாக மத்திய அரசின் ஸ்டார்ட்அப் நிதியைப் பெற்ற ஃபண்ட் என்றால் ஓரளவு தெம்பு. அங்கே ஒரு பெரிய நிறுவனம் ஏற்கெனவே விசாரித்திருக்கிறது. ஆனால் அந்த ஃபண்டுகளுக்கு அங்கீகரிக்கப்பட்ட ஸ்டார்ட்அப்களில் குறிப்பிட்ட தொகையைப் போட வேண்டிய கடமை உண்டு. எனவே மத்திய அரசின் தொழில் மேம்பாட்டுத் துறை (டி.பி.ஐ.ஐ.டி.) தரும் ஸ்டார்ட்அப் அங்கீகாரத்தை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். கட்டணம் கிடையாது.

இப்போது ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். நூறு கோடி முழுவதும் திரட்டியாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 2 சதவீத நிர்வாகக் கட்டணம், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி., தணிக்கை, சட்டச் செலவு என்று ஃபண்டின் ஆயுளில் சுமார் இருபது கோடி போய்விடும். மீதி எண்பது. அதில் பாதியை, நன்றாக வளரும் நிறுவனங்களுக்கு அடுத்த முதலீட்டுச் சுற்றில் போடுவதற்காக ஒதுக்கினால், முதல் காசோலைகளுக்கு நாற்பது கோடி மிஞ்சும். நிறுவனத்துக்கு இரண்டு கோடி என்றால் இருபது நிறுவனங்கள். அவர்களது இணையதளத்தில் ஏற்கெனவே பதினெட்டு நிறுவனங்களின் லோகோ இருக்கிறது என்றால், நீங்கள் பந்தியின் கடைசி வரிசையில் உட்காரப் போகிறீர்கள். இலை போடுவார்கள், பாயசம் வருமா என்பது சந்தேகம்.

வயதும் அப்படித்தான். எட்டு அல்லது பத்து ஆண்டு ஆயுள் கொண்ட ஃபண்ட் முதல் மூன்று, நான்கு ஆண்டுகளில் புதிய முதலீடுகளை முடித்துவிடும். பின்னர் பழையவற்றைப் பார்த்துக்கொள்வதும் விற்று வெளியேறுவதும்தான் வேலை. ஃபண்டில் பணம் போட்டவர்களில், போட்ட தொகையின் மதிப்பு அடிப்படையில் மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்புக்கொண்டால் ஆயுளை இரண்டு ஆண்டு வரை நீட்டலாம். ஐந்தாம் ஆண்டில் இருக்கும் ஃபண்டிடம் நீங்கள் பணம் வாங்கினால், உங்கள் வியாபாரம் சூடுபிடிக்கும் நேரத்தில் அவர்கள் “எப்போது விற்கலாம்?” என்று கேட்கத் தொடங்குவார்கள்.

லாபக் கணக்கையும் அதே தாளில் போடுங்கள். தொடக்கத்தில் 15 சதவீதப் பங்கு வாங்கும் ஃபண்டிடம், அடுத்த சுற்றுகளுக்குப் பின் 10 சதவீதம் மிஞ்சும் என்று கொள்வோம். உங்கள் நிறுவனம் அறுபது கோடிக்கு விலை போனால் உங்களுக்கு வாழ்நாள் சம்பாத்தியம். நூறு கோடி ஃபண்டுக்கு அது ஆறு கோடி, கவனத்தில் கொள்ளவே மாட்டார்கள். அந்த விற்பனையைத் தடுக்கவும் பார்ப்பார்கள். அதே ஆறு கோடி, முப்பது கோடி ஃபண்டுக்குக் கொண்டாட வேண்டிய செய்தி. அளவான சந்தை, அளவான வளர்ச்சி, நல்ல லாபம் என்ற திட்டத்தோடு இருப்பவர்களுக்குச் சிறிய வட்டார ஃபண்டு பல நேரங்களில் பெரிய பெயர்களை விடப் பொருத்தம் என்பது என் கருத்து. இதை மேடையில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

எனவே இரண்டாவது சந்திப்பில் நேராகக் கேட்க வேண்டியவை: ஃபண்ட் திரட்டல் இறுதியாக முடிந்துவிட்டதா? எந்த ஆண்டு? உறுதி அளிக்கப்பட்டதில் இதுவரை எவ்வளவு வரவழைத்திருக்கிறீர்கள்? இன்னும் எத்தனை புதிய நிறுவனங்களுக்கு இடம் இருக்கிறது? அடுத்த சுற்றுக்கு என்று எங்களுக்கு எவ்வளவு ஒதுக்குவீர்கள்? துல்லியமான எண் தராவிட்டாலும் தோராயமாகவாவது சொல்ல வேண்டும். “அதெல்லாம் நீங்கள் கவலைப்பட வேண்டாம்” என்ற பதில் வந்தால் அப்போதுதான் கவலைப்பட வேண்டும்.

4. நூறு ரூபாய் கட்டிப் பழைய முதலீடுகளைப் படியுங்கள்

நிலம் வாங்குமுன் வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்க்கிறோமே, அதற்கு நிகரான வசதி இங்கேயும் உண்டு. பலருக்குத் தெரியவில்லை. மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் கணக்குத் தொடங்கி, ஒரு நிறுவனத்துக்கு நூறு ரூபாய் கட்டினால், அந்த நிறுவனம் தாக்கல் செய்த பொது ஆவணங்களைப் பார்க்கலாம், இறக்கிக்கொள்ளலாம். பார்வை நேரத்துக்கு வரம்பு உண்டு, எனவே பணம் கட்டிய கையோடு தேவையானதை எல்லாம் சேமித்துவிடுங்கள்.

ஃபண்ட் முதலீடு செய்த நிறுவனங்களில் மென்பொருள் விற்பவை மூன்று, மூடப்பட்டது ஒன்று என்று தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றிலும் தேட வேண்டியவை இரண்டுதான்.

முதலாவது, பங்கு ஒதுக்கீட்டுப் படிவமான பி.ஏ.எஸ்.-3. யாருக்கு, எந்தத் தேதியில், என்ன விலையில், எத்தனை பங்குகள் ஒதுக்கப்பட்டன என்பது அதில் இருக்கும். ‘மூன்று கோடி முதலீடு’ என்று செய்தி வந்த நிறுவனத்தில் ஆறேழு மாத இடைவெளியில் மூன்று பி.ஏ.எஸ்.-3 இருந்தால், பணம் தவணையாகப் போயிருக்கிறது என்று பொருள். அடுத்த சுற்றின் ஒதுக்கீட்டுப் பட்டியலில் ஃபண்டின் பெயர் மீண்டும் வருகிறதா என்றும் பாருங்கள். ‘கடைசி வரை கூட நிற்போம்’ என்ற பேச்சுக்கு அந்தப் பட்டியல்தான் சாட்சி.

இரண்டாவது, எம்.ஜி.டி.-14 படிவத்தோடு இணைத்திருக்கும் திருத்தப்பட்ட நிறுவன விதிகள். முதலீட்டு ஒப்பந்தம் ரகசியம், ஆனால் அதன் முக்கியப் பிரிவுகளை நிறுவன விதிகளில் ஏற்றினால்தான் சட்டப்படி வலு. எனவே முதலீட்டாளரின் உரிமைகள் பெரும்பாலும் வரிக்கு வரி அங்கே அச்சாகியிருக்கும். நிறுவனத்தை விற்றால் முதலில் யாருக்கு எவ்வளவு, நிறுவனரை எப்போது நீக்கலாம், எத்தனை ஆண்டில் வெளியேறும் வழி காட்ட வேண்டும் எல்லாம் தெரிந்துவிடும். நாளை உங்கள் மேசைக்கு வரப்போகும் ஒப்பந்தத்தின் முன்னோட்டம் இது. ஆங்கிலச் சட்ட நடையில் அறுபது, எழுபது பக்கம் இருக்கும், தூக்கம் வரும். ஆனாலும் இரண்டையாவது முழுதாகப் படியுங்கள்.

5. மென்பொருள் வியாபாரம் புரிந்தவர்களா என்று கவனியுங்கள்

வட்டார ஃபண்டுகள் பல துறைகளில் கலந்து முதலீடு செய்யும். சிறுதானிய உணவு, மின்சார ஸ்கூட்டர், பள்ளிச் செயலி, நடுவில் உங்கள் பில்லிங் மென்பொருள். அதனால் எதிரில் இருக்கும் பார்ட்னர், அதாவது ஃபண்டை நடத்துபவர்களில் ஒருவர், என்ன கேட்கிறார் என்பதே தேர்வு.

ஓர் உதாரணம். உங்கள் மாத வருமானம் பன்னிரண்டு லட்சம். அதில் சந்தா ஏழு லட்சம், மீதி ஐந்து லட்சம் வாடிக்கையாளருக்கு நிறுவிக் கொடுப்பதற்கும், கேட்ட மாற்றங்களைச் செய்து தருவதற்கும் வாங்கியது. சந்தா ஏழு லட்சத்தில் ஒரே வாடிக்கையாளர் இரண்டரை லட்சம் தருகிறார். துறை தெரிந்தவர் முதல் அரை மணி நேரத்தில் இந்த இரண்டு ஓட்டைகளையும் கண்டுபிடித்துவிடுவார். பிறகு, போன ஆண்டு இதே மாதம் இருந்த வாடிக்கையாளர்கள் இன்று மொத்தம் எவ்வளவு தருகிறார்கள், ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க ஆன செலவு எத்தனை மாதச் சந்தாவில் திரும்பி வருகிறது என்று கேட்பார். துறை தெரியாதவர், ‘பன்னிரண்டு லட்சமா, அருமை’ என்பார். செயலியை எத்தனை பேர் பதிவிறக்கினார்கள் என்பார். முதல் வகை ஆள் உங்களைத் திணறடிப்பார், ஆனால் அவரிடம் வாங்குங்கள். இரண்டாமவரோடு மாதாமாதம் அறிக்கைக் கூட்டத்தில் உட்கார்வது தண்டனை.

அமெரிக்காவில் விற்பதாகத் திட்டம் இருந்தால், அங்கே உங்களுக்கு முதல் ஐந்து வாடிக்கையாளரை அறிமுகம் செய்ய இவர்களால் முடியுமா என்று கேளுங்கள். கோவை, திருப்பூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு விற்பவர் என்றால் நிலைமை தலைகீழ். ஃபண்டுக்குப் பணம் கொடுத்த அந்த ஆலை முதலாளிகளே உங்கள் வாடிக்கையாளர்கள். பெங்களூரு ஃபண்ட் தர முடியாத உதவி அது. எத்தனை நிறுவனங்களுக்கு இப்படி அறிமுகம் செய்து ஆர்டர் கிடைத்தது என்று பெயரோடு கேளுங்கள்.

6. முடிவெடுப்பவர் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

முதலில் உங்களை அழைப்பவர் பெரும்பாலும் அசோசியேட் எனப்படும் இளநிலை ஊழியர். ஆர்வமாகக் கேட்பார், அட்டவணை அட்டவணையாகக் கேட்டு வாங்குவார், முடிவெடுக்கும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. அவர் மேல் பார்ட்னர், அதற்கு மேல் முதலீட்டுக் குழு. சில வட்டார ஃபண்டுகளில் பெரிய தொகை கொடுத்த ஒருவர் குழுவில் இல்லாமலே, கடைசியில் வேண்டாம் என்று சொல்லும் செல்வாக்கோடு இருப்பார். “முதலீட்டுக் குழுவில் எத்தனை பேர், ஒருவர் மறுத்தாலும் நின்றுவிடுமா, குழு எப்போது கூடுகிறது?” என்று முதல் வாரத்திலேயே கேளுங்கள். மூன்று சந்திப்புக்குள் ஒரு பார்ட்னரைக் கூடப் பார்க்க முடியவில்லை என்றால், உங்கள் துறையைப் பற்றி இலவசமாகப் பாடம் கற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை வாடிக்கையாளர் பெயர்ப் பட்டியலையும் மூல நிரலையும் கொடுக்கவே கூடாது.

7. பணம் வாங்கியவர்களிடம் விசாரியுங்கள், மூடியவர்களிடம் கட்டாயமாக

ஃபண்டே இரண்டு, மூன்று நிறுவனர்களின் எண் தரும். அவர்கள் நல்லதாகத்தான் சொல்வார்கள். நீங்கள் தேட வேண்டியது பட்டியலில் இல்லாதவர்களை. இணையதளத்திலிருந்து லோகோ காணாமல் போன நிறுவனங்கள், அமைச்சகத்தின் பதிவில் ‘நீக்கப்பட்டது’ என்று இருப்பவை. அவற்றின் நிறுவனர்கள் இப்போது வேறு வேலையில் இருப்பார்கள், மரியாதையாகக் கேட்டால் பேசுவார்கள்.

“நல்லவர்களா?” என்று கேட்காதீர்கள், பதில் பயன்படாது. சம்பளம் போட முடியாத மாதத்தில் என்ன செய்தார்கள்? டெர்ம் ஷீட் கையெழுத்தான நாளிலிருந்து வங்கிக்குப் பணம் வர எவ்வளவு காலம் ஆனது? கையெழுத்துக்குப் பின் தொகையோ மதிப்போ குறைக்கப்பட்டதா? மூடியபோது உங்களிடம் தனிப்பட்ட முறையில் எதையாவது கேட்டார்களா? இந்த நான்கு போதும். கடைசிக் கேள்விக்கு எதிர்முனையில் சற்று நேரம் அமைதி நிலவினால், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

8. டெர்ம் ஷீட்டில் எங்கே விரல் வைத்துப் படிப்பது

டெர்ம் ஷீட் பெரும்பாலும் யாரையும் கட்டுப்படுத்தாது, இரண்டு பிரிவுகளைத் தவிர: ரகசியக் காப்பு, வேறு யாரோடும் பேசக் கூடாது என்ற தனியுரிமைக் காலம். இந்த இரண்டாவதை முப்பது முதல் நாற்பத்தைந்து நாளோடு நிறுத்துங்கள். தொண்ணூறு நாள் என்று எழுதியிருந்தால், அவர்கள் தங்கள் பணத்தைத் திரட்டும்வரை உங்களைக் கட்டிப்போடுகிறார்கள் என்றே நினைப்பேன்.

ஊழியர் பங்கு ஒதுக்கீட்டில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கும். முதலீட்டுக்கு முந்தைய மதிப்பு பன்னிரண்டு கோடி, முதலீடு மூன்று கோடி, ஆக மொத்தம் பதினைந்து கோடி, ஃபண்டுக்கு 20 சதவீதம். இதுவரை சரி. ‘முதலீட்டுக்குப் பின் 10 சதவீதம் ஊழியர்களுக்கு, முதலீட்டுக்கு முன்பே உருவாக்கப்பட வேண்டும்’ என்று ஒரு வரி இருந்தால், அந்த ஒன்றரைக் கோடி முழுவதும் உங்கள் பங்கிலிருந்து போகிறது. உங்கள் உண்மையான மதிப்பு பத்தரைக் கோடி. பேரம் பேசும்போது இந்த எண்ணை வைத்துப் பேசுங்கள்.

நிறுவனத்தை விற்கும்போது ஃபண்ட் தான் போட்ட தொகையையோ, தன் பங்கின் மதிப்பையோ, எது அதிகமோ அதை எடுத்துக்கொள்வது நியாயமான நடைமுறை. போட்டதையும் எடுத்து, மீதியிலும் பங்கு கேட்பது, அல்லது போட்டதில் இரண்டு மடங்கு கேட்பது தொடக்க நிலைக்கு அதிகம். அடுத்த சுற்றில் விலை குறைந்தால் ஃபண்டின் பங்கை ஈடுகட்டும் பிரிவும் இருக்கும். சராசரி எடை முறை (புதிய பங்குகளின் அளவையும் பார்த்து ஓரளவு ஈடுகட்டுவது) என்றால் ஏற்கலாம், முழு ஈடு (ஃபண்ட் வாங்கிய விலையைப் புதிய குறைந்த விலைக்கே இறக்குவது) என்றால் மறுத்துவிடுங்கள்.

வட்டார ஃபண்டுகளின் தாள்களில் நான் அதிகம் பயப்படுவது ‘வெளியேறும் வழி’ பிரிவை. ஐந்து ஆண்டுக்குள் ஃபண்ட் வெளியேற வழி செய்யாவிட்டால் நிறுவனமும் ‘புரமோட்டர்களும்’ குறிப்பிட்ட வட்டியோடு பங்குகளைத் திரும்ப வாங்க வேண்டும் என்று எழுதியிருக்கும். புரமோட்டர் என்றால் நீங்கள்தான், உங்கள் வீடும்தான். இது முதலீட்டு வேடத்தில் வந்த கடன். ‘நிறுவனம் முயற்சி செய்யும்’ என்ற அளவில் நிறுத்துங்கள். இழப்பீட்டுப் பிரிவிலும் அப்படியே: மோசடி தவிர மற்ற எதற்கும் உங்கள் தனிச் சொத்து பொறுப்பாகாது, உச்ச வரம்பு இவ்வளவு என்று எண் போட்டு எழுதச் சொல்லுங்கள்.

9. ஆவணங்கள், செலவு, காலம்

பேச்சு தொடங்குவதற்கு முன்பே ஒரு கோப்பு தயாராக இருக்கட்டும். பதிவுச் சான்றிதழ், நிறுவன விதிகள், இன்றைய பங்குதாரர் பட்டியல், மூன்று ஆண்டுத் தணிக்கை அறிக்கை, ஜி.எஸ்.டி., டி.டி.எஸ்., பி.எஃப். தாக்கல்கள், வாடிக்கையாளர் ஒப்பந்தங்கள், மாதவாரியாக ஒவ்வொரு வாடிக்கையாளரும் தந்த தொகை. மென்பொருள்காரர்கள் மாட்டிக்கொள்வது வேறு இரண்டு இடங்களில். ஒன்று, நிரல் எழுதிய ஃப்ரீலான்சர்களும் விலகிப்போன கூட்டாளியும் உரிமையை நிறுவனத்துக்கு மாற்றித் தந்த ஒப்பந்தம். ஊரை விட்டுப் போனவரைத் தேடிப்பிடித்துக் கையெழுத்து வாங்குவது பெரும்பாடு. இன்னொன்று, வெளிநாட்டு வாடிக்கையாளர் இருந்தால் மென்பொருள் ஏற்றுமதியை அறிவிக்கும் சாஃப்டெக்ஸ் படிவங்களும், வரி கட்டாமல் ஏற்றுமதி செய்வதற்கான ஜி.எஸ்.டி. உறுதிக் கடிதமும். கார்டு வழியாக டாலரில் சந்தா வாங்குபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

பங்குகள் டீமேட், அதாவது மின்னணு வடிவில் இருக்க வேண்டும் என்பது புதிய பொறி. 2025 ஜூலை 1க்குப் பின் ஃபண்டுகள் செய்யும் முதலீடுகள் டீமேட் வடிவில்தான் இருக்க வேண்டும் என்பது செபி விதி. அதற்கு உங்கள் நிறுவனம் தன் பங்குகளுக்கான அடையாள எண்ணான ஐசின் வாங்கியிருக்க வேண்டும், நிறுவனர்களுக்கு டீமேட் கணக்கு வேண்டும். டெர்ம் ஷீட் வந்த அன்றே இந்த வேலையைத் தொடங்குங்கள்.

செலவில் பெரியது வக்கீல். உங்கள் வக்கீலுக்குச் சென்னையில் இரண்டு லட்சத்திலிருந்து ஐந்து லட்சம் வரை நான் கேள்விப்பட்டிருக்கிறேன். ஃபண்டின் வக்கீலுக்கும் டியூ டிலிஜென்ஸ் (உங்கள் கணக்கையும் ஆவணங்களையும் ஆராய்வது) செய்பவருக்கும் உரிய கட்டணத்தையும் உங்கள் தலையில் கட்டுவது இங்கே வழக்கம். தடுக்க முடியாவிட்டால் உச்ச வரம்பையாவது டெர்ம் ஷீட்டில் எழுத வையுங்கள், முதலீடு நடக்காவிட்டால் அவரவர் செலவு அவரவருக்கு என்பதையும் சேர்த்து. நியாய மதிப்புக்கு மேல் பங்கு விற்றுப் பெற்ற தொகைக்கு விதித்த ஏஞ்சல் வரி 2025-26 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது என்றாலும் கம்பெனிச் சட்டப்படி பதிவு பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை இன்னும் தேவை. முத்திரைத் தீர்வை அற்பம்: 0.005 சதவீதம், மூன்று கோடிக்கு 1,500 ரூபாய். அங்கீகரிக்கப்பட்ட மூலதனத்தை (நிறுவனம் வெளியிடக்கூடிய பங்குகளின் மொத்த வரம்பு) உயர்த்த வேண்டியிருந்தால் அதற்கு அரசுக் கட்டணம் தனி.

முதல் சந்திப்பிலிருந்து பணம் வரும்வரை நான்கு முதல் ஆறு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மார்ச் மாதத்தில் எல்லோருக்கும் ஆண்டு முடிவு வேலை. ஆடி பிறந்துவிட்டால் கையெழுத்தை ஆவணிக்குத் தள்ளும் குடும்பங்களும் இன்னும் இருக்கின்றன. எரிச்சல்பட்டுப் பயனில்லை, அட்டவணையில் சேர்த்துக்கொள்ளுங்கள். கையில் ஒன்பது மாதச் சம்பளப் பணம் இருக்கும்போதே தேடத் தொடங்கினால்தான் மோசமான தாளை மறுக்கும் தைரியம் இருக்கும்.

10. பணம் வரும் வாரம்

வரிசை மாறக் கூடாது. முதலில் பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானம், அதை எம்.ஜி.டி.-14 படிவத்தில் தாக்கல் செய்வது, அதன்பின்தான் ஃபண்டுக்கு பி.ஏ.எஸ்.-4 என்ற பங்கு வழங்கும் அழைப்புக் கடிதம். பணம் இதற்கெனத் தனியாகத் தொடங்கிய வங்கிக் கணக்கில் விழ வேண்டும். நடப்புக் கணக்கில் வாங்கிவிட்டால் பின்னர் சரிசெய்வது சிரமம். பணம் வந்த அறுபது நாளுக்குள் பங்கு ஒதுக்கியாக வேண்டும், தவறினால் அடுத்த பதினைந்து நாளுக்குள் திருப்பித் தர வேண்டும், அதற்கும் மேல் போனால் 12 சதவீத வட்டி. ஒதுக்கிய பதினைந்து நாளுக்குள் பி.ஏ.எஸ்.-3 தாக்கல். அது தாக்கலாகும்வரை அந்தப் பணத்தில் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. எனவே அந்த மாதச் சம்பளத்துக்கு வேறு ஏற்பாடு செய்து வையுங்கள். ஊழியர்களிடம் தேதி சொல்லிவிடாதீர்கள்.